குறுக்குக் கட்டையில் வைத்த ரசமட்டம்

இதை எழுத ஆறு வருஷமாகத் தயங்கினேன். மூன்று முறை நோட்டு வாங்கினேன். ஒன்றில் என் பெண் கோலம் போட்டுப் பழகிவிட்டாள். இன்னொன்றில் நாலு வரி எழுதினேன், யாராவது படித்துவிடுவார்களோ என்று கிழித்து அடுப்பில் போட்டேன். இது மூன்றாவது. எட்டாவது வரைக்கும்தான் படித்தேன், அதுவும் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்து அம்மா சொல்லிக்கொடுத்தது. அதனால்தான் எழுதவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. வெட்கம்தான் காரணம்.

ஆந்திராவில் புத்தூருக்கும் விஜயபுரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். எங்கள் ஊரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருவரைத் தலகாணி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பேர் வரக் காரணம் நான். போன மாசம் அவர் பெண்ணைப் பார்க்கச் சித்தூரிலிருந்து வந்தவர்கள் பஸ் நிறுத்தத்தில் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார்கள். "தலகாணி வீடா? நேராப் போங்க" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏன் அந்தப் பேர் என்று கேட்டதற்கு, சாமி தூக்குவதில் ஏமாற்றியவர் என்று கதையையும் சொல்லியிருக்கிறார்கள். வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனவர்கள்தான். இதுவரைக்கும் பதில் இல்லை. அவர் ஏமாற்றவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தே ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் சின்னது. ஆனால் கனுமப் பண்டிகை அன்றைக்கு, அதாவது மாட்டுப் பொங்கல் அன்றைக்கு, பார்வேட்டை பெரிசாக நடக்கும். சாமி குதிரை வாகனத்தில் வேட்டைக்குப் போவார். அறுத்த வயலில் குதிரையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முப்பது எட்டு எடுத்துவைத்து முன்னால் ஓட்டம், டக்கென்று நிற்பது, முகம் திருப்பாமல் பத்து எட்டு பின்னால், மறுபடி ஓட்டம். இப்படி ஏழு தரம். முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். இரண்டு நீளத் தண்டு. முன்பக்கம் இரண்டு தண்டையும் சேர்த்து ஒரு குறுக்குக் கட்டை கட்டியிருக்கும். அதன் வலது கோடியில் நான், இடது கோடியில் அவர். பதினோரு வருஷம் நாங்கள்தான் முன்ஜோடி.

ஜோடி சேர்ப்பதற்கு எங்கள் கோயிலில் ஒரு முறை உண்டு. முன் மண்டபத்துத் தூணில் சாய்ந்து நிற்க வேண்டும். தோள் உயரத்துக்கு மஞ்சளில் ஒரு விரல் கோடு போடுவார்கள். எந்த இரண்டு பேருடைய கோடு ஒன்றாக இருக்கிறதோ அவர்கள் ஜோடி. ஒருத்தர் தோள் தாழ்ந்தாலும் சாமிக்கு மேல் கட்டின குடை சாயும், சாமி சாய்வார், பாரம் முழுக்கத் தாழ்ந்த பக்கம் இறங்கும். எனக்கும் அவருக்கும் ஒரே கோடு. தனித்தனியாகப் போட இடமே இல்லை.

நான் சும்மா ஆசைக்குத் தூக்கவில்லை. என் மனைவிக்கு மூளைக்காய்ச்சல் வந்து திருப்பதி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். அப்போது வராந்தாவில் உட்கார்ந்து, "பன்னிரண்டு வருஷம் உன் குதிரையைத் தூக்கி ஓடுறேன், அவளைக் குடு" என்று வேண்டிக்கொண்டேன். கொடுத்தார். நான் சொல்லப்போகிறது அந்தப் பன்னிரண்டாவது வருஷத்தைப் பற்றி. ஒரு வருஷம்தான் பாக்கி. அது தவறினால் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாரோ என்கிற பயம் எனக்கு. அப்படிப்பட்டவர் இல்லை பெருமாள் என்று அர்ச்சகரே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் பயம் போகவில்லை.

மார்கழி பிறந்ததும் காலையில் ஓட்டம் பழகுவோம். குதிரைக்குப் பதில் தண்டில் மணல் மூட்டை கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் ஓடுவோம். எங்களுக்குத் தலைவர் ஒரு பெரிய மனுஷர், வாயில் தெலுங்குதான் முதலில் வரும். பெத்தாயனா என்று கூப்பிடுவோம். விசிலை வாயில் வைத்துக்கொண்டு "பத பத பத!" என்பார், ஓடுவோம். "ஆகு!" என்பார், நிற்போம்.

அந்த வருஷம் என் கால் என்னுடைய காலாகவே இல்லை. நான் டைல்ஸ் போடுகிற வேலை. திருப்பதியில் ஒரு பெரிய அபார்ட்மென்டில் நாலு மாசமாகக் குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து வேலை. ஐப்பசியில் டைல்ஸ் பெட்டியோடு படியில் சறுக்கி வலது முட்டி திரும்பிக்கொண்டது. வீட்டில் சொல்லாமல் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன். "ரெண்டு மாசம் பாரம் ஏத்தாத" என்றார் கட்டுப் போட்டவர். வீக்கம் ஒரு மாசத்தில் வடிந்துவிட்டது, அதனால் சரியாகிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ராத்திரியில் மட்டும் அங்கே கொடுத்த கட்டு எண்ணெயைத் தடவி, காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கரைக்குப் போவேன்.

நான் சொல்லுகிற அந்தக் காலையில் வானத்தையே நம்ப முடியவில்லை. கடலில் ஏதோ புயல் சுற்றிக்கொண்டிருப்பதாக டிவியில் சொன்னார்கள். போனைப் பார்த்தால் ஆறு மணிக்கு மழை என்றது. தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிந்தது. நாகலாபுரத்து மலைப் பக்கம் மட்டும் மேகம் குந்திக்கொண்டு எங்களையே பார்க்கிற மாதிரி இருந்தது. காற்று ஒரு நிமிஷம் வரும், ஒரு நிமிஷம் செத்துப்போகும். கரை மண் மேலே காய்ந்து, உள்ளே கொழகொழவென்று இருந்தது. முதல் எட்டு வைத்ததுமே தொடை இரண்டும் கல் கட்டின மாதிரி இருந்தது.

"இன்னாபா, கெயவன் மாதிரி வர்ற?" என்றார் அவர், இடது கோடியில் தோளைக் கொடுத்துக்கொண்டே.

"நேத்து ரெண்டு ஹால் போட்டேன். நீ உக்காந்துகினு ஸ்டியரிங் புடிக்கிறவன், உனக்கு இன்னா தெரியும்?"

"ஆமாமா. என் ஆட்டோவ ஒரு நாள் நீ தள்ளிப் பாரு."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். விசில் அடித்தது. ஓடினோம்.

முப்பது எட்டுக்குள் எனக்கு மூச்சு தொண்டையில் நின்றது. அவரோ மூச்சு விடுகிற சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். எனக்குள் அந்த எண்ணம் அப்போதுதான் வந்தது என்று சொன்னால் பொய். பத்து நாளாகவே வந்துகொண்டிருந்தது. பாரம் எல்லாம் என் பக்கம்தான் வருகிறது. ஏன்? அவர் தோளில் மடித்துப் போட்டிருக்கிற துண்டைப் பார்த்தேன். நாங்கள் எல்லாரும்தான் துண்டு போடுவோம், தோல் உரியாமல் இருக்க. ஆனால் அவருடையது கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தது. தடிப்பாகப் போட்டால் அவர் பக்கம் உசரும். அவர் பக்கம் உசந்தால் பாரம் உருண்டு என் பக்கம் வரும். ஓஹோ, இதுதான் சங்கதி என்று நினைத்தேன்.

ஒரு சந்தேகம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் அப்புறம் பார்க்கிறது எல்லாம் அதற்குச் சாட்சி. அவர் தினமும் எல்லாருக்கும் கேனில் கேழ்வரகுக் கூழ் கொண்டுவருவார். என் டம்ளரில் மட்டும் தண்ணியாக ஊற்றுகிறாரோ என்று பார்த்தேன். ஓட்டம் முடிந்ததும் என் காலைப் பார்ப்பார். ஏன் பார்க்கிறார்? நான் தளர்ந்தால் என் இடத்தில் அவருடைய மச்சினனைப் போடலாம் என்று பார்க்கிறார். அவர் "உடம்பு நல்லாக்கீதா?" என்று கேட்டால்கூட எனக்கு அதில் ஏதோ இருந்தது. என்னுடைய பன்னிரண்டாவது வருஷத்தை இந்த ஆள் பிடுங்கப் பார்க்கிறான் என்றே முடிவு கட்டினேன். அப்போதெல்லாம் மனசுக்குள் அவன் என்றுதான் சொல்வேன்.

அன்றைக்கு மூன்றாவது ஓட்டத்தில் சொட்டுச் சொட்டாகத் தூறல் விழுந்தது. கலைந்து போகலாம் என்று நினைத்தோம், நின்றுவிட்டது. மறுபடி தூக்கினோம், மறுபடி தூறியது. பெத்தாயனா வானத்தைப் பார்த்து, "ஏமய்யா, வர்றதுன்னா வா, இல்லைன்னா போ" என்று அதட்டினார். ஏழாவது ஓட்டத்தில் என் முட்டி உள்ளே ஏதோ நழுவியது. விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். குறுக்குக் கட்டை என் பக்கம் நன்றாக இறங்கியதை நானே பார்த்தேன். பார்த்துவிட்டு அவரைத்தான் முறைத்தேன்.

மறுநாள் ஒரு காரியம் செய்தேன். எங்கள் வேலையில் ரசமட்டம் இல்லாமல் ஒரு கல்லும் பதிக்க மாட்டோம். கண்ணாடிக்குள் ஒரு குமிழ் இருக்கும். மட்டமாக இருந்தால் குமிழ் நடுவில் நிற்கும், எந்தப் பக்கம் உசரமோ அந்தப் பக்கம் ஓடும். என்னிடம் நாலு விரல் நீளத்தில் ஒரு சின்ன ரசமட்டம் உண்டு. அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, "பெருமாளே, அவன் பண்ற தப்பை எனக்குக் காட்டு" என்று கும்பிட்டேன். இருட்டு விலகுவதற்குள் கரைக்குப் போய்க் குறுக்குக் கட்டையின் நடுவில் கறுப்பு டேப்பால் ஒட்டினேன். மேலே கட்டின கயிறு தொங்கி அதை மறைத்துக்கொண்டது.

அன்றைக்கும் மேகம் ஒரு பேச்சு, காற்று ஒரு பேச்சு. விசில் அடித்தது. ஓடினோம். "ஆகு!" நின்றோம். தலையைத் திருப்பி, கையை நீட்டிக் கயிற்றை விலக்கிப் பார்த்தேன். குமிழ் இடது கோடிக்கு ஓடி ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பக்கம் உசரம். மறுபடி ஓடினோம், நின்றோம், பார்த்தேன். அதே இடம். நாலு தரம் பார்த்தேன். நாலு தரமும் அதே. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாமி காட்டிக்கொடுத்துவிட்டார் என்று உடம்பு சிலிர்த்தது.

"இறக்குங்க! எல்லாரும் இறக்குங்க!" என்று கத்தினேன். தண்டை மரக்கட்டை மேல் இறக்கினார்கள். "பெத்தாயனா, இங்க வந்து பாருங்க. இந்த ஆளு துண்ட தலகாணி மாதிரி மடிச்சி வச்சிக்கினு பாரத்த பூரா என் மேல தள்ளிக்கினு ஓடறான். சாமி பாரத்துல ஏமாத்தறான்!"

பின்னால் இருந்த ஒருத்தர், "தலகாணியா? தூங்கிக்கினேதான் வந்தியா நைனா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி, விரித்துக் காட்டினார். சாதாரணத் துண்டு. இரண்டே மடிப்பு. என் துண்டும் இரண்டு மடிப்புதான். ஆனால் அதை யார் பார்க்கிறார்கள்? உதறினதே மடிப்பைக் கலைக்கத்தான் என்று ஒருத்தர் சொன்னார். தலகாணி என்கிற வார்த்தை அதற்குள் கரையை விட்டு ஊருக்குள் போய்விட்டது.

"சர்லே, சர்லே, விடுங்க" என்றார் பெத்தாயனா. "கனும அன்னைக்கு முன்ஜோடி ரெண்டு பேருக்கும் துண்டு கிடையாது. வெறும் தோள்."

அவர் கூழ் கேனைத் திறந்து எப்போதும் போல எனக்குத்தான் முதலில் ஊற்றினார். கெட்டியாகத்தான் இருந்தது. மாட்டிக்கொண்டதும் நடிக்கிறார் என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் வேலையில் ஒரு குளியலறைக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தேன். தண்ணி மூலைக்குப் போகவேண்டும், அதனால் வாட்டம் பார்க்க ரசமட்டம் வைத்தேன். குமிழ் ஒரு பக்கம் ஓடியது. வழக்கம் போல நூலை எடுத்துச் சுவரில் இருக்கிற அளவுக் குறியிலிருந்து பிடித்தேன். பிடித்தபோதுதான் உறைத்தது. எதற்கு நூல் பிடிக்கிறோம்? ரசமட்டம் ஒரு பக்கம் உசரம், ஒரு பக்கம் தாழ்வு என்று மட்டும்தான் சொல்லும். அந்தக் கல் தூக்கி நிற்கிறதா, இந்தக் கல் இறங்கிப்போச்சா என்று அதற்குத் தெரியாது. அதற்குச் சுவரில் அசையாத குறி ஒன்று வேண்டும். இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். ஏரிக்கரையில் மட்டும் மறந்துபோனேன். மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, எனக்கு வேண்டியது கிடைத்ததும் நிறுத்திக்கொண்டேன்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். முன் மண்டபத்தில் யாரும் இல்லை. தூணில் எங்கள் கோட்டுக்குக் கீழே சாய்ந்து நின்றேன். இடது தோள் கோட்டைத் தொட்டது. திரும்பி வலது தோளை வைத்தேன். இரண்டு விரல் கீழே நின்றது. கோட்டை யாரோ மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது! நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பழைய மஞ்சள், கல்லோடு கல்லாக ஏறியிருந்தது. வலது காலை நிமிர்த்தி நிற்கப் பார்த்தேன். முட்டி நிமிரவில்லை. அமுக்கினேன். கண்ணில் தண்ணி வந்ததே தவிர அது நிமிரவில்லை. வெறும் உடம்புக்கே இரண்டு விரல் இறங்கினால் மணல் மூட்டையோடு எவ்வளவு இறங்கும்?

அங்கேயே உட்கார்ந்தேன். உள்ளே திரை போட்டிருந்தார்கள், சாமி தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று. பெத்தாயனா வீடு கோயிலுக்கு எதிர்ச்சந்தில் ஐந்தாவது வீடு. போய், "தாழ்ந்தது நான்தான்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த நிமிஷமே என்னைத் தண்டிலிருந்து எடுத்துவிடுவார். பன்னிரண்டாவது வருஷம் போய்விடும். வீட்டுக்கு வந்தேன். என் மனைவி அடுப்படியில் நின்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். பண்டிகை முடியட்டும், மறுநாளே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

கனும அன்றைக்கும் வானம் பிடிகொடுக்கவில்லை. காலையில் வெயில், மத்தியானம் மூட்டம், சாமி புறப்படுகிறபோது ஊசித்தூறல். வெறும் தோளில் தண்டு ஏறியது. தெருவில் இருந்தவர்கள் "தலகாணி இல்லாம தூக்குவியா மாமா?" என்று அவரைக் கேலி பேசினார்கள். வயலுக்குள் இறங்கினோம். அறுத்த தாள் காலில் குத்தியது. நான் தாழ்ந்தால் குடை சாயும், இந்தத் தரம் ஊரே பார்க்கும்.

விசிலுக்கு முன்னால் அவர் என் பக்கம் தலையைச் சாய்த்தார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வலது காலு எவ்ளோ மடங்குதோ அவ்ளோ மடக்கிக்கினு ஓடு. நிமிர்த்தப் பாக்காத. நான் வரேன்."

"இன்னா சொல்ற?"

"ஒரு மாசமா உன் மேல கட்டு எண்ண நாறுது. எனக்கு மூக்கு இல்லியா? புத்தூருக்குக் கட்டுப் போடத் தெனம் பத்து பேர ஏத்திக்கினு போறவன்யா நான்."

விசில் அடித்தது. ஓடினோம். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் இரண்டு முட்டியையும் மடக்கிக்கொண்டு, பாதி குந்தின நிலையில் ஓடினார். நல்ல கால் இரண்டும் இருக்கிற மனுஷர், ஏழு ஓட்டமும், பின்னால் போகிற எட்டுகளும் அப்படியே. கழுத்து நரம்பு கயிறு மாதிரி நின்றது. குறுக்குக் கட்டை ஒரு நூல்கூடச் சாயவில்லை. குடை நேராக நின்றது. ஜனங்கள் கோவிந்தா போட்டார்கள். கடைசியில் சாமியை இறக்கினதும் அவரால் நிமிர முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து ஒருத்தர், "பாத்தியா, தலகாணி இல்லன்ன ஒடனே தாவு தீந்துபோச்சி" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாளும் சொல்லவில்லை. முட்டியைச் சாக்காக வைத்து அடுத்த வருஷம் தண்டிலிருந்து விலகிக்கொண்டேன். என் மனைவி நன்றாக இருக்கிறாள். அதற்கும் அந்த ஓட்டத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அந்த வேண்டுதலில் பாதிக்கு மேல் தூக்கினது அவர். முதல் இரண்டு வருஷம் அவர் என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று பயந்தேன். அப்புறம், காட்டிக்கொடுக்காமல் ஏன் இருக்கிறார் என்று சந்தேகப்பட்டேன். என் புத்தி அப்படி.

சித்தூர்க்காரர்கள் வந்துபோன பிறகுதான் இந்த நோட்டை வாங்கினேன். எழுதி முடித்து முதலில் அவருக்குத்தான் படித்துக் காட்டினேன், ஆட்டோவில் பின்சீட்டில் உட்கார்ந்து. முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"எழுத்து பெருசா எழுதிக்கிறியா? மாப்பிள்ளையோட அப்பாவுக்குக் கண்ணு சரியில்ல."

"நானே போய்ப் படிச்சிக் காட்டறேன். அதுக்கப்புறம் பெத்தாயனா வீட்டுக்கும் போறேன்."

"போ. ஆனா ஒண்ணு. ஆறு வருஷமா தலகாணின்னா திரும்பிப் பாக்கறேன். இனிமே பேரச் சொல்லிக் கூப்ட்டா எவன கூப்படறாங்கன்னு எனக்கே தெரியாது." சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நாளைக்குக் காலையில் சித்தூர் போகிறேன். படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை யாரிடம் சொன்னாலும் இருக்கிறபடி சொல்லுங்கள். உங்கள் மேலும் எனக்குச் சந்தேகம்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம். சாமி வந்து குடையைப் பிடித்தார் என்று யாராவது சேர்த்துவிடுவீர்கள். பிடித்தது அவர் மடக்கின கால். அவனுக்கு முட்டி வலி, பாவம், தெரியாமல் பேசிவிட்டான் என்று யாராவது இரக்கப்பட்டுச் சொல்வீர்கள். அதுவும் வேண்டாம். தூணில் சாய்ந்து பார்த்த பிறகு எனக்குத் தெரியும். முக்கியமாக, கரையில் எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறேனே, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.